பிரிட்ஜ் குளிரவில்லையா? காஸ் போட முன்னர் பார்க்க வேண்டியவை

கடந்த சோளகக் காலத்தில் சாட்டியில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. மாதா கோயிலுக்குக் கிட்டவுள்ள வீடு. "தம்பி, பிரிட்ஜ் திரும்பவும் குளிரேல்லை. உள்ளுக்கு இவரின்ரை இன்சுலின் கிடக்கு. மூண்டாம் தரமும் காஸ் போட என்னட்டைக் காசில்லை" என்றார் அந்த அம்மா. ஒரே ஆண்டுக்குள் இரண்டு தடவை பிரிட்ஜை வாகனத்தில் ஏற்றிப் பண்ணைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய், "காஸ் முடிஞ்சுது" என்று சொல்லிக் காஸ் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் மூன்று கிழமை நன்றாகக் குளிர்ந்து, பிறகு நின்றுவிட்டது.

தீவகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். "காஸ் முடிஞ்சுது" என்ற சொல்லால் எத்தனை குடும்பங்கள் வீணாகச் செலவழித்தன என்று எனக்குத் தெரியும். பிரிட்ஜில் உள்ள காஸ், அடுப்புக் காஸைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி ஓடும். குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் இருபது வருடம் போனாலும் அது குறையாது. என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் அரைவாசிக்கு மேல் காஸில் பிழை இருப்பதில்லை. சில பிழைகளை வீட்டுக்காரரே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். மற்றவற்றுக்குத் திருத்துபவர் வேண்டும், ஆனால் எது பழுது என்று முதலே தெரிந்திருந்தால் ஏமாறத் தேவையில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மருந்து

பிரிட்ஜ் நின்றதைக் கண்டவுடன் அதைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்ப்பகுதி ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். நிரம்பிய பிரீசர் இரண்டு நாள் வரை தாங்கும், அரைவாசி நிரம்பியது ஒரு நாள். இறைச்சி, மீன், பால், சமைத்த கறி ஆகியவை குளிர் இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் சாப்பிட வேண்டாம். மணம் நல்லாக இருக்கிறதே என்று பார்ப்பதில் பயனில்லை. நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு மணம் கிடையாது.

இன்சுலின் வேறு கதை. திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். பாவனையில் உள்ள குப்பி அல்லது பேனையில் பெரும்பாலான வகைகள், 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு கிழமை பழுதாகாமல் இருக்கும். வகைக்கு வகை இது மாறும், பெட்டிக்குள் உள்ள தாளில் எழுதியிருக்கும். ஆகவே பிரிட்ஜ் ஒருநாள் நின்றதற்காக இன்சுலினை உடனே எறிய வேண்டாம். எப்போது குளிர் நின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வைத்தியசாலை மருந்தாளரிடம் கேளுங்கள். பலர் பயத்தில் ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைக்கிறார்கள், அதுதான் பெரிய பிழை. ஒருதடவை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது. ஐஸ் பெட்டிக்குள் வைப்பதானால் துவாயில் சுற்றி, ஐஸில் முட்டாமல் வையுங்கள்.

1990 யூனில் போர் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பிறகு, எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் ஒரு அலுமாரி ஆனது. எலி போகாது என்பதால் அரிசியும் எங்கள் பள்ளிக் கொப்பிகளும் அதற்குள் இருந்தன. அம்மம்மாவின் இன்சுலின் மட்டும் வெளியே. பெரிய மண்பானைக்குள் ஈர மணல், மணலுக்கு நடுவே சின்னப் பானை, அதற்குள் குப்பி, மேலே ஈரச் சாக்கு. காலையும் பின்னேரமும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. அதே முறையைச் செம்மைப்படுத்தியதற்காக நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பாவுக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. தண்ணீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் இதன் இரகசியம். எனவே நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் பானை இருக்க வேண்டும். காய்ந்த சோளகக் காற்றில் நன்றாக வேலை செய்யும், மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் குறைவாகத்தான் குளிரும்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கென்யாவில் உள்ள டாகஹலே அகதி முகாமின் வெப்பநிலையை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தில், அதாவது 25 முதல் 37 பாகைக்குள், இன்சுலினை நான்கு கிழமை வைத்துப் பரிசோதித்தன. அதன் வலு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2021 இல் வெளியிட்டன. பிரிட்ஜ் தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பழுதான ஓரிரு நாளில் பதறத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதைக் கேட்பது, எதைத் தொடுவது

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே உள்ள சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. பின்பக்கம் கீழே உள்ள கறுப்புக் குடம் போன்றதுதான் கொம்பிரசர். அது காஸை அமுக்கிச் சூடாக்கி, பின்பக்கக் கம்பிச் சுருளுக்குள் அனுப்புகிறது. அங்கே சூடு காற்றில் கலந்து காஸ் திரவமாகிறது. பிறகு தலைமயிர் போன்ற மெல்லிய குழாயால் புகுந்து பிரீசருக்குள் உள்ள தகட்டில் விரியும்போது சூட்டை உறிஞ்சுகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். சூடாக வேண்டிய இடம் சூடாகிறதா, குளிர வேண்டிய இடம் குளிர்கிறதா என்று கையால் தொட்டே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

உள் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் பிளக்கைக் கழற்றி அதே இடத்தில் வேறொரு சாமானைப் போட்டுப் பாருங்கள். கடற்கரை வீடுகளில் பிளக்கின் பித்தளைக் கால் பச்சை பிடித்திருக்கும், உப்புக் காற்றின் வேலை. பிளக்கைத் தொட்டால் சுட்டாலோ கருகிய மணம் வந்தாலோ அந்தச் சொக்கற்றை மாற்றும்வரை பாவிக்கக் கூடாது. நயினாதீவில் ஒரு வீட்டுக்குப் படகேறிப் போய், இப்படிக் கருகிய சொக்கற் ஒன்றை மாற்றிவிட்டு அடுத்த படகில் திரும்பியிருக்கிறேன்.

விளக்கு எரிகிறது, ஆனால் கொம்பிரசர் ஓடவில்லையா? முதலில் உள்ளே உள்ள திருகியைப் பாருங்கள். பிள்ளைகளோ, துடைக்கும்போது நாங்களோ அதைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டிருக்கலாம். சிரிக்க வேண்டாம், வருடத்துக்கு இரண்டு மூன்று வீடாவது இப்படி அமையும்.

திருகி சரியென்றால் காதை வைத்துக் கேளுங்கள். சில விநாடி "ம்ம்ம்" என்று முனகி, "டிக்" என்று நின்று, சில நிமிடம் கழித்துத் திரும்ப முனகினால், மோட்டர் தொடங்க முயன்று முடியாமல் நிற்கிறது. இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். மின்னழுத்தம் குறைவு, ரிலே பழுது, அல்லது கொம்பிரசரே இறுகிவிட்டது. இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் செலவும் இந்த வரிசையில்தான் ஏறும். ரிலே என்பது கொம்பிரசரின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டி. பிளக்கைக் கழற்றிய பிறகு திருத்துபவர் அதை எடுத்துக் காதருகே குலுக்கினால், உடைந்த ரிலே பல சமயம் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் போடும். புதியதின் விலை ஒரு கிலோ விளைமீன் விலைக்குள் அடங்கும். ரிலேயை மாற்றிப் பார்க்காமல் "கொம்பிரசர் போட்டுது" என்று யாரும் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இன்வேட்டர் வகைப் பிரிட்ஜ் என்றால் இந்த ரிலே இருக்காது, மின்சுற்றுப் பலகைதான் இருக்கும். அதை வீட்டில் திறக்க வேண்டாம்.

கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருந்தும் குளிர் போதவில்லை என்றால் பின்பக்கம் போங்கள். கம்பிச் சுருளில் தூசி, பூனை மயிர், ஒட்டறை எல்லாம் கம்பளிப் போர்வை மாதிரி மூடியிருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் எப்படிக் குளிரும்? பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்லிய தூரிகையால் துடையுங்கள். ஈரத் துணி வேண்டாம், உப்போடு ஈரம் சேர்ந்தால் துரு. சுவருக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். புதிய வகைகளில் இந்தச் சுருள் வெளியே தெரியாது, இரு பக்கத் தகட்டுக்குள்ளும் இருக்கும். பக்கம் சுடுவது அதனால்தான், அது பழுதல்ல. அந்தப் பக்கத்தில் அரிசி மூட்டையைச் சாய்த்து வைப்பதுதான் பிழை. அதில் ஆணி அடித்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அந்தப் பிரிட்ஜில் உண்மையாகவே காஸ் முடிந்துவிட்டது.

கதவின் றப்பரைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தால் காற்று போகிறது. நாலு பக்கமும் பாருங்கள். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, மடிந்த இடத்தைச் சுடுநீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து நிமிர்த்தி, கொஞ்சம் வாஸ்லின் பூசினால் பழைய றப்பரும் இன்னும் சில காலம் பிடிக்கும். இரவில் டோர்ச் ஒன்றை உள்ளே எரியவிட்டு மூடினால் வெளிச்சம் கசியும் இடமும் தெரியும்.

சாட்டி வீட்டில் நடந்தது

அந்த அம்மாவின் பிரிட்ஜ் இரண்டு கதவு கொண்டது, ஐஸ் கட்டாத வகை. மேலே பிரீசரில் ஐஸ் இருந்தது, கீழே சூடு. "மேல குளிருது, கீழதான் இல்லை" என்று அவர் சொன்னதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. காஸ் போயிருந்தால் மேலேயும் குளிராது.

இந்த வகையில் குளிர்த் தகடு பிரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன விசிறி குளிர்காற்றை மேலும் கீழும் தள்ளும். தகட்டில் படியும் உறைபனியை உருக்க, சில மணி நேரத்துக்கு ஒருதடவை உள்ளே ஒரு ஹீற்றர் தானாகச் சூடாகி அணையும். அந்த ஹீற்றரோ, அதை இயக்கும் டைமரோ, வெப்பத்தை உணரும் சின்னச் சுவிட்சோ, பியூசோ பழுதானால் உறைபனி உருகாது. நாளுக்கு நாள் தடித்து, கடைசியில் பின்சுவர் முழுக்க ஐஸ் பாறையாகிவிடும். காற்று கீழே போக வழியடைபடும். கீழே சூடாகும்.

இப்போது காஸ் போட்ட கதைக்கு வாருங்கள். பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி, வாகனத்தில் ஏற்றி, வெயிலில் கொண்டுபோய், கடையில் ஓரிரு நாள் வைத்தால் அந்த ஐஸ் தானாக உருகிவிடும். காஸ் போட்டாலும் போடாவிட்டாலும் திரும்பக் கொண்டுவந்து பூட்டினால் நன்றாகக் குளிரும். மூன்று கிழமையில் ஐஸ் திரும்பக் கட்டும், திரும்ப நிற்கும். அந்தக் கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. குளிர்ந்ததைக் கண்டு தானும் நம்பியிருக்கலாம். ஆனால் காசு கட்டியது அந்த அம்மா.

பின்சுவரைக் கழற்றினேன், உள்ளே வெள்ளைச் சுவர். உருக விட்டு, ஒவ்வொன்றாக மீற்றர் வைத்துப் பார்த்ததில் வெப்பம் உணரும் சுவிட்ச்தான் போயிருந்தது. விரலளவுச் சாமான். மாற்றிவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. அந்த அம்மாவை ஒருநாள் கோயில் வாசலில் கண்டபோது ஐயாவின் இன்சுலின் பிரிட்ஜின் நடுத்தட்டில் இருப்பதாகச் சொன்னார். அதுவே சரியான இடம். பின்சுவரில் முட்டினால் உறையலாம், கதவில் வைத்தால் சூடு ஏறி இறங்கும்.

உங்கள் வீட்டில் இதே அடையாளம் இருந்தால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சாமான்களை வெளியே எடுத்து, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் முழுதாக ஒருநாள் திறந்து வையுங்கள், கீழே சாக்குப் போடுங்கள். திரும்பப் போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாளில் அல்லது சில கிழமையில் திரும்ப நின்றால் பழுது ஐஸ் உருக்கும் பகுதியில்தான். இதைச் சொல்லியே திருத்துபவரைக் கூப்பிடுங்கள். ஐஸ் இல்லாமலே கீழே சூடென்றால் விசிறியைச் சந்தேகியுங்கள். கதவைத் திறந்து, கதவோரத்தில் உள்ள சுவிட்சை விரலால் அமுக்கினால் விசிறிச் சத்தம் கேட்க வேண்டும்.

ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் ஐஸ் கண்ணுக்கு முன்னால் கட்டும். விரல் மொத்தம் வர முன்னரே உருக்கிவிடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் குத்துகிறார்கள். தகட்டுக்குள் காஸ் ஓடுகிற வழி இருக்கிறது, ஒரு குத்து போதும். மீனும் தகடும் ஒட்டிக்கொண்டால் ஒரு சட்டியில் சுடுதண்ணீர் வைத்துக் கதவை மூடி அரைமணி பொறுங்கள்.

உண்மையாகவே காஸ் போனால்

கொம்பிரசர் நிற்காமல் ஓடும், தொட முடியாமல் சுடும், ஆனால் பின்சுருள் சுடாது. பிரீசர்த் தகட்டில் ஒரு மூலையில் மட்டும் உறைபனி இருக்கும், அல்லது எங்குமே இராது. குழாய் ஒட்டிய இடத்தில் எண்ணெய்க் கசிவு தெரியலாம். எங்கள் கரையோரத்தில் அடியில் உள்ள குழாய்கள் உப்பில் அரித்து ஓட்டை விழுவது உண்மைதான். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஓட்டை எங்கே?" ஓட்டையைக் காட்டி, அடைத்து, ஈரம் உறிஞ்சும் வடிகட்டியை மாற்றி, பம்பு வைத்துக் குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுத்த பிறகுதான் காஸ் நிரப்ப வேண்டும். பம்பு இல்லாமல் வருகிறவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். உள்ளே ஈரம் தங்கினால் அந்த மெல்லிய குழாயில் ஐஸ் கட்டி அடைக்கும். பிரிட்ஜ் கொஞ்சம் குளிர்வதும் நிற்பதுமாக உங்களைப் பைத்தியமாக்கும்.

எந்தக் காஸ் என்பது பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும். மிகப் பழையவற்றில் ஆர் 12. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மொன்றியல் உடன்படிக்கையின் வழியாக அது ஒழிக்கப்பட்டது. பிறகு வந்தது ஆர் 134 ஏ. இப்போதைய பிரிட்ஜ்கள் பெரும்பாலும் ஆர் 600 ஏ, அது தீப்பற்றும் காஸ். அந்த எழுத்தைக் கண்டால், வீட்டுக்குள் காஸ் விளக்கைக் கொளுத்திக் குழாய் ஒட்ட யாரையும் விட வேண்டாம். முற்றத்தில், உள்ளிருந்த காஸ் முழுதாக வெளியேறிய பின்னரே வேலை நடக்க வேண்டும். ஒரு வகைக்குப் பதில் இன்னொன்றை நிரப்பவும் கூடாது.

மின்சாரம் வந்து போகும் ஊர்களுக்கு

எங்கள் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற், கூடக்குறைய 6 வீதம். கம்பித்தொடரின் கடைசியில் உள்ள வீடுகளில் பின்னேர வேளையில் இது நன்றாக இறங்குவதை நானே மீற்றரில் பார்த்திருக்கிறேன். 190க்குக் கீழே போனால் பிரிட்ஜை நிறுத்தி வைப்பதே நல்லது. இன்னொன்று, நின்ற கொம்பிரசரை உடனே தொடங்கக் கூடாது. நின்றவுடன் ஒரு பக்கக் குழாயில் அமுக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். அது சமப்பட ஐந்து நிமிடமாவது வேண்டும். அதற்குள் மின்சாரம் வந்து மோட்டர் சுற்ற முயன்றால் சூடேறி ரிலேயை எரிக்கும், கெட்டகாலம் என்றால் சுருளையே எரிக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த நாட்களில் எனக்கு வந்த வேலையில் பெரும்பங்கு இதுதான். சில நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் பாதுகாப்புக் கருவி ஒன்றைப் பிளக்குக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் போடுங்கள். வாங்க முடியாதவர்கள் மின்சாரம் நின்றதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். காசு செலவில்லாத வழி இது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்தொடரோடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருப்பவை. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மாற்றம் முழுதாக வரும்வரை அங்குள்ளவர்கள் அந்த ஐந்து நிமிடத்தை மறக்க வேண்டாம். வீட்டில் சோலர் பூட்டி இன்வேட்டரில் பிரிட்ஜ் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும்போது 150 வாற்று எடுக்கும் சாதாரணக் கொம்பிரசர், தொடங்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதைத் தாங்கும் இன்வேட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

நெடுந்தீவில் இருந்து குறிகாட்டுவானுக்குப் பிரிட்ஜைப் படகில் ஏற்றி இறக்குவதே ஒரு பெரும்பாடு. அதற்கு முதல் தொலைபேசியில் திருத்துபவரிடம் ஐந்து விடயம் சொல்லுங்கள்: விளக்கு எரிகிறதா, கொம்பிரசர் ஓடுகிறதா அல்லது முனகி நிற்கிறதா, பின்சுருள் சுடுகிறதா, பிரீசரில் உறைபனி எங்கே எவ்வளவு, கடைசியாக எப்போது யார் என்ன செய்தார்கள். பின்பக்கத் தகட்டை ஒரு படமெடுத்து அனுப்பினால் தேவையான சாமானை அவர் கையோடு கொண்டுவரலாம், பிரிட்ஜ் கடல் கடக்கத் தேவையில்லை. கட்டாயம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்க வைக்க நேர்ந்தால், இறக்கிய பிறகு எத்தனை மணி நேரம் படுத்துக் கிடந்ததோ அத்தனை மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள், கொம்பிரசர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அந்த நேரம் வேண்டும்.